கையளவு என்ஜின் விலை 46 ஆயிரம்! ரெயில் பொம்மைப் பிரியர்கள் கையைப் பிசைகிறார்கள்

பொன்னமராவதியில் ரெயில் கிடையாது. ஸ்டேஷன் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. ரெயில் ஏறணும்னா பஸ் பிடித்து புதுக்கோட்டைக்கோ காரைக்குடிக்கோ போக வேண்டும்.

ஆனால் ரெயில் ஆசைக்கு ஸ்டேஷன் தேவையா என்ன? பங்குனி மாதம் கொன்னையூர் மாரியம்மன் கோவில் பூச்சொரிதலுக்குப் போகிறவர்கள், வளையல் கடைக்கும் மிட்டாய் கடைக்கும் நடுவே பொம்மைக் கடையைப் பார்க்காமல் திரும்ப முடியாது. சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும் ரெயிலுக்காகத் தரையில் உட்கார்ந்து அடம் பிடிக்கும் பிள்ளையும், "வீட்ல ஏற்கனவே ரெண்டு கெடக்குடா" என்று இழுத்துப் போகும் அம்மாவும் எல்லா ஊர்த் திருவிழாவிலும் உண்டு.

அப்படி அடம் பிடித்த பிள்ளைகளில் சிலர் வளர்ந்த பிறகும் அந்த ஆசையை விடுவதில்லை. குமாஸ்தாவாகி, கடை முதலாளியாகி, மீசை நரைத்த பிறகும் ரெயில் பொம்மை வாங்குகிறார்கள். ஆனால் இப்போது அவர்கள் கேட்பது திருவிழாக் கடைச் சரக்கு அல்ல. லண்டன், ஜெர்மனி கம்பெனிகளின் விலைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் என்ன புதுசா வந்திருக்கு, விலைக்கு ஏத்த சரக்குதானா?" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு இப்போது பெரிய தலைவலியாகி இருக்கிறது. காரணம் சுங்கவரியும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும்!

பொம்மையா, மாடலா?

முதலில் ஒரு விஷயம். திருவிழாக் கடை ரெயிலுக்கும் இவர்கள் வாங்கும் ரெயிலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இது நிஜ ரெயிலை அங்குலம் அங்குலமாக அளந்து, அதே கணக்கில் சுருக்கிச் செய்வது. 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அதற்கு எச்.ஓ. என்று பெயர். உலகத்தில் அதிகம் ஓடுவது இந்த அளவுதான். இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் 76-ல் ஒரு பங்கு என்று கொஞ்சம் பெரிசாகச் செய்து, அதற்கு டபுள் ஓ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்றுதான். அகலம் 16.5 மில்லிமீட்டர், ஆள்காட்டி விரல் அகலம். இன்னும் சின்னதாக 160-ல் ஒரு பங்கு உண்டு. 1972-ல் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 220-ல் ஒரு பங்கு ரெயிலைக் கொண்டுவந்தது. அந்த என்ஜினைச் சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியாது!

இந்த மார்க்லின் சாதாரணக் கம்பெனி இல்லை. 1859-ல் கோப்பிங்கன் என்ற ஊரில், பெண் பிள்ளைகள் விளையாடும் சமையல் சாமான் செய்துகொண்டிருந்தவர்கள். நம்ம ஊர் செப்புச் சாமான் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1891-ல் லைப்சிக் சந்தையில் அளவு வகுத்த ரெயில் செட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டியை இன்றைக்கு வாங்கலாம், தண்டவாளத்தை அடுத்த வருஷம் வாங்கலாம், இரண்டும் பொருந்தும் என்ற ஏற்பாடு அன்றைக்குப் புதுசு. வாடிக்கையாளரை விடாமல் பிடித்து வைக்கிற சூட்சுமம் அதுதான். ரெயில் ஒன்று வாங்கியவன் அதோடு நிற்பதில்லை.

இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி. லிவர்பூல்காரர். 1901-ல் ஓட்டை போட்ட தகரப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டி விளையாடும் சாமானுக்கு பேட்டண்ட் வாங்கினார். பின்னாளில் உலகமெல்லாம் மெக்கானோ என்று விற்றது அதுதான். 1920-ல் சாவி கொடுக்கும் ரெயிலை விட்டார். 1938-ல் அவர் பெயரிலேயே கம்பெனி மின்சாரத்தில் ஓடும் டபுள் ஓ ரெயிலைக் கொண்டுவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1936-லேயே காலமாகிவிட்டார்.

ஜனவரி வந்தால் ஜுரம்

தீபாவளி மலர் எப்போது வரும் என்று நம்ம ஊரில் காத்திருப்பார்களே, அதுபோல ரெயில் பிரியர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி. ஹார்ன்பி கம்பெனி பல வருஷங்களாக ஜனவரியில் அந்த ஆண்டுச் சரக்கு என்னென்ன என்று அறிவித்து வந்தது. ஜனவரி கடைசியையொட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் உலகப் பொம்மைச் சந்தை கூடும். 1950-ல் தொடங்கியது. ஐரோப்பியக் கம்பெனிகள் புதுச் சரக்கை அங்கே கடை பரப்புவார்கள்.

விலைப் புத்தகத்தைப் பிரித்தால் பளபளவென்று படம். கீழே எண், விலை, "இந்த ஆண்டு இறுதியில் கிடைக்கும்" என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை நம்பியவர்கள் பலர் இரண்டு வருஷம் காத்திருக்கிறார்கள். அறிவிக்கும்போது சரக்கு தயாராக இருக்காது. முன்பதிவு எவ்வளவு சேருகிறது என்று பார்த்துத்தான் அச்சுக்கு மேல் வேலை நடக்கும். ஒரு முறை போட்ட சரக்கு தீர்ந்துவிட்டால், திரும்பப் போடுவார்களா என்பது கம்பெனிக்கே தெரியாது. அதனால் "இப்போதே சொல்லி வை, இல்லாவிட்டால் பழைய சாமான் சந்தையில் இரட்டை விலை கொடு" என்ற நெருக்கடி வாங்குகிறவன் தலையில் விழுகிறது.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. புது என்ஜினுக்குப் புது இரும்பு அச்சு வெட்ட வேண்டும். செலவு எக்கச்சக்கம். பழைய அச்சிலேயே ஊற்றி, வேறு கலர் அடித்து, வேறு நம்பர் எழுதினால் செலவு இல்லை. விலைப் புத்தகத்தில் இரண்டும் "புதிது" என்றுதான் போட்டிருக்கும்! பழைய கள், புது மொந்தை. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "அச்சு புதுசா, வர்ணம் மட்டும் புதுசா?"

அதற்காகப் பழைய அச்சு எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. ஹார்ன்பி கம்பெனியே பழைய அச்சுச் சரக்கில் பலதை 'ரெயில்ரோட்' என்று தனிப் பெயரில் மலிவாக விற்கிறது. கைப்பிடிக் கம்பி தனியாக இருக்காது, உடம்போடு ஒட்டி வார்த்திருக்கும். ஜன்னல் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். ஆனால் ஓடும். பிள்ளைகள் தொட்டால் பயம் இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர் இதில் தொடங்குவதே புத்திசாலித்தனம். தப்பு எங்கே என்றால், பழைய அச்சை முழு விலைக்கு விற்கும்போதுதான்.

விலைக் கணக்கைக் கேளுங்கள்

இங்கிலாந்துக் கடையில் ஒரு நல்ல நீராவி என்ஜின் மாடல் 240 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நடப்பில் உள்ள விலைதான், மிகைப்படுத்தியது அல்ல. அந்த விலையில் அந்த நாட்டு விற்பனை வரி 20 சதவீதம் அடக்கம். வெளிநாட்டுக்கு அனுப்பினால் அதைக் கழித்துவிடுவார்கள். பாக்கி 200 பவுண்டு.

பவுண்டு 115 ரூபாய் என்று போட்டால் 23 ஆயிரம் ரூபாய். இது சரக்கின் விலை மட்டும்.

கப்பல் இறங்கியதும் சுங்கவரி. பொம்மைகளுக்கு 2020-ம் ஆண்டு வரை 20 சதவீதமாக இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி பட்ஜெட்டில் ஒரே தாவாக 60 ஆக்கினார்கள். 2023-ல் 70 ஆனது. 23 ஆயிரத்துக்கு 70 சதவீதம் 16 ஆயிரத்து 100. ஆக 39 ஆயிரத்து 100. அதன் தலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறினால் 7 ஆயிரத்து 38. கூட்டினால் 46 ஆயிரத்து 138 ரூபாய்! தபால் செலவு தனி, விற்கிற கடைக்காரர் லாபம் தனி.

"இந்த விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கினா வீட்டுக்குப் பாலாவது வருமேப்பா" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல முடியுமா? மனைவிமார்களிடம் பாதி விலையைத்தான் சொல்வது ரெயில் பிரியர்கள் உலகம் முழுக்க ஒற்றுமையாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். இங்கிலாந்திலும் அப்படித்தானாம்!

இந்தக் கணக்கு வியாபாரத்துக்காக இறக்குமதி செய்கிறவருக்கு. சொந்த உபயோகத்துக்குத் தபாலில் தருவித்தால் சுங்கப் பட்டியலில் அதற்குத் தனித் தலைப்பு உண்டு, விகிதமும் வேறு. அண்மைப் பட்ஜெட்டுகளில் அது குறைக்கப்பட்டும் இருக்கிறது. ஆகவே ஆர்டர் போடும் முன் அன்றைய விகிதத்தை விசாரித்துக்கொள்வது நல்லது. ஆனால் வரி மட்டுமே தடை என்றால் பணம் கட்டி மீட்டுவிடலாம். இன்னொரு தடை இருக்கிறது. அதற்குப் பணம் கட்டினாலும் தீராது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே?

2021 ஜனவரி 1-ந் தேதி முதல், நாட்டில் செய்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து வந்தாலும் சரி, பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரத்தில் ஓடும் பொம்மைக்குத் தனித் தரம், மற்றதற்குத் தனித் தரம். முத்திரை இல்லாத பொம்மையை விற்றால் முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று சட்டம் சொல்கிறது. திருவிழாக் கடை போடுகிறவர்களும் பஜாரில் பொம்மை விற்கிறவர்களும் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்வது நல்லது. 'எனக்குத் தெரியாது சார், மொத்தக் கடையில குடுத்தாங்க' என்பது கோர்ட்டில் செல்லாது.

சட்டத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வாயில் வைக்கும் பொம்மையில் ஈயம் கலந்த வர்ணம், கையைக் கிழிக்கும் தகர விளிம்பு, சூடாகிப் புகையும் மோட்டார் எல்லாம் சர்வ சாதாரணமாக விற்றுக்கொண்டிருந்த காலம் உண்டு. சட்டத்தால் உள்நாட்டுத் தொழிலுக்கும் லாபம். 2014-15-க்கும் 2022-23-க்கும் இடையில் பொம்மை இறக்குமதி 52 சதவீதம் குறைந்தது, ஏற்றுமதி 239 சதவீதம் உயர்ந்தது என்று மத்திய அரசு கணக்குக் கொடுத்திருக்கிறது. கைவினைஞர்களுக்கு விலக்கும் கொடுத்தார்கள். அரசிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்தது, புவிசார் குறியீடு பெற்றது என்றால் முத்திரை வேண்டாம். நம்ம தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை அதில் தப்பித்துக்கொண்டது.

நடுவில் மாட்டிக்கொண்டது ரெயில் மாடல்தான்!

எப்படி என்றால், உத்தரவு சொல்வது 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருளைப் பற்றி. ரெயில் மாடல் பெட்டியின் மேலேயே "14 வயதுக்கு மேற்பட்டோருக்கு" என்று அச்சடித்திருக்கும். 23 ஆயிரம் ரூபாய்ச் சாமானை எந்தப் பிள்ளை கையில் கொடுப்பார்கள்? ஆனால் சுங்கப் பட்டியலில் பொம்மைக்கும், அளவு சுருக்கிய மாடலுக்கும் ஒரே எண். 9503. ஒரே பெட்டிக்குள் இரண்டையும் போட்டிருக்கிறார்கள். பார்சலைப் பிரிக்கும் அதிகாரி உள்ளே என்ஜினைப் பார்க்கிறார், எண்ணைப் பார்க்கிறார், "ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே?" என்று கேட்கிறார். அவர் கேட்பதும் தப்பில்லை, வாங்கியவர் முழிப்பதும் தப்பில்லை.

முத்திரை வாங்க வேண்டியவர் தயாரிப்பாளர். தொழிற்சாலையைச் சோதித்து, மாதிரியைச் சோதித்து, லைசென்ஸ் கொடுப்பார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. வருஷத்துக்கு லட்சக்கணக்கில் விற்கும் பொம்மைக்கு அது சரி. ஒரு என்ஜினில் சில ஆயிரம் மட்டும் செய்து உலகம் முழுக்க விற்கிற கம்பெனி, அதில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு இந்தியாவுக்கு வருவதற்காக அந்தச் செலவைச் செய்யுமா? செய்யாது. அதனால் பெரிய கடைகள் மாடல் ரெயில் இறக்குமதி செய்யத் தயங்குகின்றன. தனி ஆள் தருவித்தால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒன்று தாண்டிவிடும், அடுத்தது திரும்பிப் போகும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பிள்ளைகள் விளையாட்டுக்கு அல்லாத மாடல்களைப் பொம்மை என்று கொள்ளாமல் ஒதுக்கி வைப்பது உலகப் பொம்மைத் தரத்திலேயே இருக்கிற ஏற்பாடு. அதை வைத்து சுங்கப் பட்டியலிலும் ஒரு உட்பிரிவு போட்டுவிட்டால் அதிகாரிக்கும் நிம்மதி, வாங்குகிறவருக்கும் நிம்மதி. அரசாங்கத்துக்கு வரி நஷ்டமும் இல்லை.

கையில் எடுத்தால் தெரியும் தரம்

சரி, எப்படியோ சரக்கு கைக்கு வந்துவிட்டது. கொடுத்த காசுக்குத் தகுமா? பழகியவர்கள் பார்க்கும் விதமே வேறு. முதலில் எடை பார்ப்பார்கள். கனம் இருந்தால்தான் சக்கரம் வழுக்காமல் பெட்டிகளை இழுக்கும். இழுக்கும் சக்கரம் எத்தனை, எல்லாச் சக்கரத்துக்கும் மோட்டார் சக்தி போகிறதா, மோட்டார் தண்டில் கனமான பித்தளை உருளை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த உருளை இருந்தால் தண்டவாளத்தில் ஒரு தூசி பட்டாலும் வண்டி 'சடக்'கென்று நிற்காது. நிஜ ரெயில் மாதிரி மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக நிற்கும். வேகமாக ஓடுவது பெருமையே இல்லை. ஊர்ந்து போக வைப்பதில்தான் மோட்டாரின் லட்சணம் தெரியும்.

பெட்டிச் சக்கரம் பிளாஸ்டிக் என்றால் தண்டவாளத்தில் அழுக்குப் படியும். இரும்பென்றால் ஓட்டமும் நன்று, 'கடக் கடக்' சத்தமும் நன்று. பக்கத்தில் எழுதிய எழுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் படிக்க வரவேண்டும்.

மார்க்லின் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அதன் எச்.ஓ. ரெயில் மற்ற கம்பெனி ரெயிலோடு சேராது. மற்றவை இரண்டு தண்டவாளத்தில் 12 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடும். மார்க்லினுக்கு நடுவில் மூன்றாவதாகப் புள்ளி புள்ளியாக ஒரு மின்பாதை உண்டு. இது தெரியாமல், மலிவாகக் கிடைத்தது என்று பழைய மார்க்லின் என்ஜினை வாங்கி, ஹார்ன்பி தண்டவாளத்தில் வைத்தால் நகராது. ஆசாமி ஏமாந்ததாக நினைத்து விற்றவரோடு சண்டைக்குப் போவார்.

எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தும் வியாதி ஒன்று இருக்கிறது. என்ஜினின் அடிச்சட்டம் துத்தநாகக் கலவையில் வார்ப்பது. வார்க்கும்போது அதில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். பத்து வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் சட்டம் வீங்கி, வெடித்து, கை பட்டதும் பொரி உருண்டை மாதிரி உதிரும்! மருந்து கிடையாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய சரக்கில் இது அதிகம். போன தலைமுறைச் சங்கதி என்று நினைத்திருந்தால், சமீப வருஷங்களில் வந்த சில மாடல்களிலும் தலைகாட்டியிருக்கிறது. பழைய சரக்கை வாங்கும்போது அடிப்பக்கம் புரட்டி, மயிரிழை விரிசல் இருக்கிறதா, சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் காசை எடுக்கக்கூடாது.

விலை ஏறுவதற்குக் காரணம் தரம் கூடியது மட்டும் அல்ல. 1990-களிலிருந்து பெரும்பாலான கம்பெனிகள் தயாரிப்பைச் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டன. கைப்பிடிக் கம்பி, ஏணி, குழாய் என்று நூற்றுக்கணக்கான உறுப்புகளைக் கையால் ஒட்ட வேண்டும். அங்கே கூலி மலிவாக இருந்தவரை விலை கட்டுப்பட்டிருந்தது. கூலி ஏறியது, விலையும் ஏறியது. மார்க்லின் மட்டும் ஜெர்மனியையும் ஹங்கேரியையும் விடவில்லை. அதற்கும் கஷ்டம் வந்தது. 2009-ல் திவால் மனு கொடுத்தது. 2013-ல் வேறொரு பொம்மைக் கம்பெனி வாங்கிக் காப்பாற்றியது.

நம்ம ரெயில் எங்கே?

இத்தனை விலைப் புத்தகத்தைப் புரட்டினாலும் நம்ம ரெயில் கிடைப்பது அபூர்வம். புதுக்கோட்டை ஸ்டேஷனில் பார்த்த என்ஜின் வேண்டும் என்றால் லண்டன்காரன் எங்கே போவான்?

இதில் ஒரு அளவுச் சிக்கலும் இருக்கிறது. ஐரோப்பா ரெயில்பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம். நம்ம அகலப்பாதை 1,676. அதை 87-ல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. பெரும்பாலானவர்கள் "போகட்டும்" என்று 16.5-லேயே ஓட்டுகிறார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்களுக்குத்தான் உறுத்தும்.

ஆனால் புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கையான அதிர்ஷ்டம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-ல் வந்த பாதையும், 1930-ல் மானாமதுரை வரை நீண்டதும் மீட்டர் பாதை. 2000-களில்தான் அகலப்பாதை ஆனது. மீட்டர் பாதையை 87-ல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்து மலை ரெயிலும் மீட்டர் பாதைதான். அதற்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஐரோப்பாவில் தயாராக விற்கிறது. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்தக் காலத்து கரி என்ஜின் புகைவிட்டுக்கொண்டு காரைக்குடி போன காட்சியை மேஜை மேல் கொண்டுவர நினைப்பவருக்குத் தண்டவாளம் ரெடி. என்ஜினைத்தான் தானே செய்துகொள்ள வேண்டும்.

செய்கிறார்கள் என்பதுதான் விசேஷம். டீசல் என்ஜினில் பிரபலமான 'டபிள்யூ.டி.எம்.2' இருக்கிறதே, அது அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவம். முதலில் அங்கிருந்து வந்து, பிறகு வாரணாசித் தொழிற்சாலையில் 1964 முதல் உருவானது. ஆகவே வேறு ஆல்கோ என்ஜினின் அமெரிக்க மாடலை வாங்கி, அடிச்சட்டத்தையும் மோட்டாரையும் வைத்துக்கொண்டு, மேலுடம்பை வெட்டி ஒட்டி, வர்ணம் அடித்து நம்ம என்ஜினாக்கிவிடுகிறார்கள். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து, பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக ஊற்றி உருவம் எடுக்கும் மெஷின் வந்துவிட்டது. மேலுடம்பு மட்டும் அப்படிச் செய்து விற்கும் சிறு தயாரிப்பாளர்கள் நாட்டில் கிளம்பியிருக்கிறார்கள். பக்கவாட்டில் கோடு கோடாகத் தெரியும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கின் வழவழப்பு இதில் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் தெரிவது நம்ம பெரம்பூர் ஐ.சி.எப். பெட்டி!

பஜாரில் வந்தே பாரத் பொம்மை ரெயிலும் தாராளமாகக் கிடைக்கிறது. 2018-ல் பெரம்பூரில் உருவாகி, 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வண்டி. பேட்டரி போட்டால் விளக்கு எரிந்து ஓடும். அளவுக் கணக்குப் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள் சுளிப்பதில்லை. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

வெள்ளி ரெயிலும் தகர ரெயிலும்

ரெயில் பொம்மைக்குச் செலவழித்தவர்களில் குவாலியர் மகாராஜாவை யாரும் மிஞ்ச முடியாது. சிந்தியா அரண்மனை சாப்பாட்டு மேஜை மேல் தண்டவாளம். அதில் வெள்ளி ரெயில். பெட்டிகளில் மதுவும் சுருட்டும். விருந்தாளி எடுக்க நினைத்துத் தூக்கினால் வண்டி நிற்கும். இன்றும் ஜெய்விலாஸ் அரண்மனையில் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்தில் செட்டிநாடு. பர்மா, மலேயா, சிலோன் என்று கொண்டுவிக்கப் போனவர்கள் பெட்டி பெட்டியாக மேல்நாட்டுச் சாமான் கொண்டுவந்து இறக்கிய வீடுகள். பாகப்பிரிவினை ஆகி, வீடு இடித்து, அந்தச் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளுக்கு வந்து சேருகின்றன. பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, மரத்தூண், கடிகாரம் என்று தேடுகிறவர்கள் நடுவே, தகரப் பொம்மை தேடுகிறவர்களும் உண்டு.

"ஆச்சி, பரண்ல பழைய தகர ரெயில் கிடக்குதா?" என்று யாராவது வீட்டுக்கு வந்து கேட்டால், உடனே எடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். மார்க்லின், ஹார்ன்பி, நியூரம்பெர்க் பிங் என்று அடியில் பெயரோ முத்திரையோ இருக்கிறதா பாருங்கள். துரு பிடித்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். அசல் வர்ணம் போனால் விலையும் போச்சு. சாவி, அட்டைப்பெட்டி இருந்தால் பத்திரப்படுத்துங்கள். கிழிந்த பெட்டியாக இருந்தாலும் அதற்கே தனி மதிப்பு. கேட்டு வந்தவர் முதலில் சொல்லும் விலைக்குக் கொடுப்பதும் கூடாது, பேப்பரில் படித்தோம் என்று லட்சம் கேட்பதும் கூடாது. பெரும்பாலானவை ஜப்பான் தகரமாகவும், சாதாரண விலையுள்ளதாகவும்தான் இருக்கும்.

காசு செலவழிக்காமல் ஆசை தீர வழி கேட்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. பொன்னமராவதியில் பஸ் ஏறினால் திருச்சி. அங்கே ரெயில்வே கல்யாண மண்டபம் அருகே 2014-ல் திறந்த ரெயில் மியூசியம். நிஜ என்ஜினையே தொட்டுப் பார்க்கலாம். சென்னை போகிறவர்களுக்கு ஐ.சி.எப். ரெயில் மியூசியம், 2002-ல் திறந்தது. மாடல் ரெயில் ஊரே ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் புனாவில் ஜோஷி என்பவர் அமைத்த மியூசியம். 1998 ஏப்ரலில் திறந்தது. ஸ்விட்சைப் போட்டால் மலை, பாலம், சிக்னல் எல்லாவற்றையும் கடந்து ரெயில்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும்.

நவராத்திரி வந்தால் வீட்டுக் கொலுவிலும் பார்க்கலாம். படி ஒன்பதிலும் சாமி பொம்மைகளை அடுக்கி, கீழே தரையில் மண் கொட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து பார்க் கட்டுவார்கள். அதைச் சுற்றி ஒரு ரெயில் ஓடும். சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் சுண்டலை மறந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கும். 150 ரூபாய் ரெயில்தான். இரண்டு பென்சில் பேட்டரி போதும்.